மூன்று ஏக்கர் பூமி: மொத்தக் கிரயமா, பங்கா, சொந்த லேஅவுட்டா?

கோவையைச் சுற்றி அன்னூர், சூலூர், அவிநாசி பக்கம் பூமி வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஓயாமல் நடக்கிறது. கிணறு வற்றிவிட்டது, பண்ணையத்துக்கு ஆள் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் சைட் போட்டு சென்ட் கணக்கில் விற்கிறார்கள். நம் மூன்று ஏக்கரை என்ன செய்யலாம்? பூமியாகவே மொத்தமாகக் கிரயம் செய்து கொடுத்துவிடலாம். செலவு செய்து மனை போட்டு விற்கும் புரமோட்டரிடம் பங்குக்கு விடலாம். இல்லையென்றால் நாமே அப்ரூவல் வாங்கி லேஅவுட் போடலாம்.

நான்காவதாக ஒரு குறுக்குவழியும் காதில் விழும். அப்ரூவலெல்லாம் எதற்கு, துண்டு போட்டு விற்றுவிடலாம் என்பார்கள். இதை முதலிலேயே தள்ளிவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அடுத்த மாதமே, 2016 அக்டோபர் 20 முதல், அதே தடையைச் சட்டமாகவே சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை வைத்து மனை விற்ற காலம் அதோடு முடிந்தது. இப்போது அதே வேலையைப் 'பண்ணை நிலம்' என்ற பெயரில் பத்து சென்ட், இருபது சென்ட்டாகச் செய்கிறார்கள். வாங்கியவர் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும். சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியவரை அந்த நிலையில் நிறுத்துவது நியாயமே இல்லை.

சரி, மற்ற மூன்றுக்கு வருவோம். எல்லாரும் போடும் முதல் கணக்கே தப்பாக இருக்கிறது. பக்கத்து லேஅவுட்டில் சென்ட் என்ன விலை என்று கேட்டு, அதை 300-ஆல் பெருக்குகிறார்கள். மூன்று ஏக்கரில் 300 சென்டும் விற்பனைக்கு வராது. உள்சாலைகளை 23 அடி, 30 அடி என்று விட்டாக வேண்டும். அதற்கே சுமார் 90 சென்ட் போய்விடும். மீதி 210. மூன்று ஏக்கர் என்பது 12,140 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்றவற்றுக்குத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தான் ஆக வேண்டும். அதில் 21 சென்ட். மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் இன்னும் கொஞ்சம். கடைசியில் கையில் நிற்பது 185 சென்ட்டை ஒட்டித்தான். அதிலும் ஒரு பகுதியைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சின்ன மனைகளாகப் பிரிக்க வேண்டும். பூமி கோணல்மாணலாக இருந்தால் இன்னும் குறையும். இரண்டு ஏக்கர் 47 சென்ட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. திறந்தவெளியை நிலமாகக் கொடுப்பதற்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம்.

இந்த 185-ஐயும் சாலை, வடிகால், மின்கம்பம், கட்டணங்கள், காத்திருக்கும் வருஷங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், மொத்தக் கிரயம் பலரும் நினைப்பது போல ஏமாந்துபோகும் வழி அல்ல. அதற்கு வரியிலும் ஒரு பலம் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி எல்லைகளிலிருந்து மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விவசாய பூமியை விவசாய பூமியாகவே விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. கோவை மாதிரி பத்து லட்சத்தைத் தாண்டிய ஊருக்கு 8 கிலோமீட்டர். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். அதே பூமியைச் சைட் போட்டு விற்றால் வருமான வரித் துறை அதை வியாபாரமாகவே பார்க்கும். மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது வரி போக மீதியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் ஒரு தணிக்கையாளரைப் பார்த்துவிடுங்கள்.

சொந்த லேஅவுட்டில் லாபம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த லாபம் கைக்கு வருமா என்பதை முடிவு செய்வது தடமும் (பூமிக்குப் போகும் பாதை) தண்ணீர் வழியும்தான்.

நம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும் வழி பெரும்பாலும் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் டிராக்டர் தாராளமாகப் போகும், பார்வைக்கு இருபது அடி இருக்கும். பழைய புலப்படத்தை (சர்வே வரைபடம்) எடுத்துப் பார்த்தால் 20 லிங்க்ஸ் என்று இருக்கும். ஒரு லிங்க் முக்கால் அடிகூட இல்லை. 20 லிங்க்ஸ் என்றால் 13 அடி சொச்சம். மீதி அகலம் பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா பூமி. இத்தனை நாள் வண்டி போக விட்டவர், சைட் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வேலியை நகர்த்திக் கட்டுவார். உள்ளே 30 அடிச் சாலை போட்டு என்ன செய்வது, வருகிற வழி 13 அடி என்றால் லேஅவுட்டுக்கு அப்ரூவல் கொடுக்கும் டி.டி.சி.பி-யில் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கோப்பு அங்கேயே நின்றுவிடும். அகலப்படுத்த இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விலைக்கு வாங்க வேண்டும். கேட்கிற விலை சொல்லவே வேண்டாம். இப்படித் தடம் குறுகலாக இருக்கும் பூமிக்கு, முன்பக்கத் தோட்டத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஆள்தான் நல்ல விலை கொடுக்க முடியும். அந்த நிலையில் மொத்தக் கிரயமே மேல் என்பது என் முடிவு.

தண்ணீர் வழி அடுத்தது. பூமிக்குள் ஒரு பள்ளம் ஓடுகிறதா, வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. நம் பக்கத்துக் கௌசிகா நதியே வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்துதான் கிடக்கிறது. புலப்படத்தில் கோடு இருந்தால் அது நீர்வழிதான், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். 2015 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் அடையாற்றங்கரை முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை வெள்ளம் ஏறிய வீடுகளும் யாரோ நம்பிக்கையோடு வாங்கிக் கட்டியவைதான்.

இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் கேட்க வேண்டியது முதலீடு. 500 சதுர மீட்டரையோ எட்டு மனைகளையோ தாண்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். பதிவு எண் வருவதற்கு முன் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. அதற்குப் பிறகு வாங்குகிற பணத்திலும் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, நிலத்துக்கும் அந்த லேஅவுட் வேலைக்கும் மட்டுமே எடுக்க வேண்டும். அதாவது சைட் வாங்குகிறவர் காசில் கல்யாணம் முடித்துவிடலாம் என்ற கணக்கு ஓடாது. ஓரிரு வருஷம் கைக்காசில் தாக்குப்பிடிக்க முடிகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த வழி.

அந்தக் காசு இல்லாதவர்களிடம்தான் பங்கு என்ற யோசனை வந்து சேர்கிறது. புரமோட்டர் செலவு செய்வார், பூமி நம்முடையது, விற்பதில் பாதி நமக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில்தான் அதிகக் கவலை. ஏனென்றால் மூன்று வழிகளில் இந்த ஒன்றில்தான் பூமியும் நம் பொறுப்பில், ஆபத்தும் நம் பொறுப்பில், சாவி மட்டும் இன்னொருவர் கையில். ரெரா சட்டப்படி லேஅவுட் போடுகிறவரும் விற்கிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இருவருமே புரமோட்டர்தான், இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு. சாலை போடாமல் அவர் கிளம்பிவிட்டால் சைட் வாங்கியவர்கள் நம் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

பங்குக்குத்தான் போவது என்றால் பவர் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். அப்ரூவல் வாங்குவதற்கு ஒரு பவர் போதும். விற்கும் பவரை அவருடைய பங்கு மனைகளுக்கு மட்டும், வேலை முடிய முடியக் கொடுக்கலாம். அடமானம் வைக்கும் அதிகாரம் பவரில் இருக்கவே கூடாது. மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நமது பங்கைப் பணமாகக் கேட்பதை விட மனையாகக் கேட்பது நல்லது. வரைபடம் ஒப்புதலானதும் எந்த எண் மனை யாருக்கு என்று துணை ஒப்பந்தம் எழுதிப் பதிந்துவிட வேண்டும், இல்லையென்றால் முனை மனையெல்லாம் அவருக்கும் முட்டுச் சந்து மனையெல்லாம் நமக்கும் வந்து சேரும். இன்னொன்று. பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. எழுபத்தைந்து வயது அப்பா பெயரில் பூமி இருக்கிறது என்றால் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

அப்பா என்றதும் அக்கா தங்கச்சி கையெழுத்து. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பங்கு கொடுத்தது. அப்போது கல்யாணமாகியிருந்தவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு" என்ற பேச்சு எந்த அலுவலகத்திலும் நிற்காது. பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவாக இருக்க வேண்டும். அவர்களுக்கு உரியதை மனதாரக் கொடுத்து எழுதி வாங்குங்கள். இதில் இழுபறி இருக்கும் குடும்பம் பங்குக்கும் போகக் கூடாது, லேஅவுட்டும் போடக் கூடாது. பாதி மனை விற்ற பிறகு ஒரு வழக்கு வந்தால் மீதி மனை மட்டுமல்ல, விற்ற மனைக்காரர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். எல்லாரும் ஒரே நாளில் ஒன்றாக வந்து கையெழுத்துப் போட்டு, அவரவர் பங்கை அவரவர் கணக்கில் வாங்கிக்கொள்ளும் மொத்தக் கிரயம்தான் அவர்களுக்கு ஏற்றது.

தடம் அகலமாக இருந்து, நீர்வழி இல்லாமல், பத்திரங்கள் தெளிவாக, கையில் காசும் இருக்கும் குடும்பம் சொந்தமாகவே போடலாம், தயங்க வேண்டியதில்லை. காசு மட்டும்தான் குறை என்றால் பங்கு, அதுவும் மேலே சொன்ன பத்திரங்களோடு. எந்த வழியானாலும் வில்லங்கச் சான்றும் புலப்படமும் எடுத்து, சர்வேயரை வைத்துத் தடத்தை அளந்துவிட்டு, அதற்கு அப்புறம் முன்பணம் பேசுங்கள்.