வீட்டுத் திரையில் எது: நாயகனா, தளபதியா?

இரண்டுமே மணிரத்னம் படம், இரண்டுக்கும் இளையராஜா இசை. நாயகன் 1987, தளபதி 1991. ஆனால் வீட்டில் பார்க்கும்போது இரண்டும் வேறு வேறு கவனிப்பைக் கேட்கின்றன.

நாயகனில் பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு பெரும்பாலும் நிழலில்தான் நடக்கிறது. டிவி 'விவிட்' மோடில் இருந்தால் இருட்டுப் பகுதியெல்லாம் ஒரே கறுப்பாக அடைந்து, கமலின் கண் அசைவே தெரியாது. 'சினிமா' மோடுக்கு மாற்றி, அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்தி, அறை விளக்கை அணையுங்கள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று பாலியல் விடுதியில் சரண்யா கமலிடம் கேட்கும் இடம் ஒன்று போதும். கமலின் பாத்திரமான வேலு நாயக்கரின் மனசு அங்கேயே பிடிபடுகிறது. குழந்தைகளோடு பார்க்கும் படமில்லை.

தளபதிக்குப் பகல் வெளிச்சம்கூடப் பரவாயில்லை. சந்தோஷ் சிவன் சூரியனையே ஒரு பாத்திரமாக்கியிருக்கிறார். கர்ணன் கதை என்பதால் தாத்தா பாட்டிக்கும் சட்டென ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தேவை நல்ல ஸ்பீக்கர். கோயிலில் ரயில் சத்தம் கேட்டு குழந்தையாக ரயிலில் விடப்பட்ட ரஜினியும், அவரை விட்ட தாயான ஸ்ரீவித்யாவும் ஒரே நேரத்தில் கலங்கும் காட்சி, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பாதிதான் வந்து சேரும். ஷோபனாவின் காதல் பகுதி மட்டும் அவசரமாக முடிகிறது.

நடிப்புக்கு நாயகன்தான், சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடே கூடி உட்கார்ந்தால் தளபதியைப் போடுங்கள்.