பிளக் கேட்காத திருகு: கான்கிரீட் ஸ்க்ரூ குறித்த ஒரு மதிப்பீடு

சுவரில் துளையிட்டு, அதற்குள் நைலான் பிளக்கைத் தட்டிச் செருகி, அதன் பிறகு திருகை முடுக்குவதே நம்மில் பெரும்பாலோர் அறிந்த முறை. பிளக் ஏதுமின்றித் துளைக்குள் நேரடியாக முடுக்கப்படும் கடினப்படுத்திய எஃகுத் திருகுதான் கான்கிரீட் ஸ்க்ரூ. மேலடுக்கு அலமாரிகள், ஜன்னல் சட்டங்கள், குழாய்க் கிளாம்புகள், தொலைக்காட்சித் தாங்கிகள் எனப் பலவற்றுக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்த பின் நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல கான்கிரீட்டிலும், நன்றாக வெந்த திடச் செங்கல்லிலும், கைக்கருவிகளைக் கொண்டு ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலைகளுக்கு இதைவிட விரைவான, உறுதியான பிடிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் பிளக் பொறுத்துக்கொள்ளும் துளைப் பிழைகளை இந்தத் திருகு பொறுத்துக்கொள்ளாது. ஆகவே, வாங்குவது திருகுதான் என்றாலும், தரம் பார்க்க வேண்டியது திருகோடு சேர்த்து டிரில் பிட்டையும்தான்.

இதன் வேலைமுறை தெரிந்தால் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கும். ஆர்தர் ஃபிஷர் 1958இல் உருவாக்கிய நைலான் பிளக், திருகு உள்ளே நுழையும்போது விரிந்து துளையின் பக்கங்களை அழுத்துகிறது. பெரிய வேலைகளுக்குப் பயன்படும் விரியும் ஆங்கர் போல்ட்டும் எஃகுச் சில்லை விரித்து அதே அழுத்தத்தைத்தான் பன்மடங்காக உண்டாக்குகிறது. கான்கிரீட் ஸ்க்ரூ எதையும் விரிப்பதில்லை. அதன் மரை, உடற்பகுதியைவிடச் சற்று அகலமாக நீட்டிக்கொண்டிருப்பதால், முடுக்கும்போதே துளையின் சுவரில் தனக்கான மரைப்பள்ளத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போகிறது. பிறகு இழுவிசை வரும்போது அந்தப் பள்ளத்தின் விளிம்புகளே பாரத்தைத் தாங்குகின்றன. விரியும் அழுத்தம் இல்லாததால், சுவரின் விளிம்புக்கு அருகிலும், ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இவற்றைப் பொருத்த முடிகிறது. கதவுநிலையின் ஓரத்தில் ஆங்கர் போல்ட்டை முடுக்கிச் செங்கல்லின் மூலை பெயர்ந்து விழுந்ததைக் கண்டவர்களுக்கு இந்த ஒரு சலுகையின் மதிப்பு புரியும்.

மரை வெட்டும் பள்ளத்தின் ஆழம் மில்லிமீட்டரின் பின்னத்தில்தான் இருக்கிறது என்பதே இதன் பலவீனமும். துளை அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் மரை கடிப்பதற்கான பொருள் போதாது. திருகு எளிதாக உள்ளே போய்விடும், இறுகியதுபோலத் தோன்றவும் செய்யும், ஆனால் பிடிப்பு பாதிகூட இராது. துளை சிறிதானால் உராய்வு மிகுந்து, பாதி வழியில் திருகின் கழுத்து முறியும். இதனால்தான் இவ்வகைத் திருகின் ஒவ்வோர் அளவுக்கும் குறிப்பிட்ட ஒரு பிட் அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது. நீல நிறப் பூச்சால் பலருக்கும் அடையாளம் தெரிந்த டாப்கான் வகையில், 3/16 அங்குலத் திருகுக்கு 5/32 அங்குல பிட்டும், 1/4 அங்குலத் திருகுக்கு 3/16 அங்குல பிட்டும் வேண்டும். ஜன்னல் சட்டங்களுக்கான 7.5 மி.மீ. திருகுக்கு 6 மி.மீ. துளை. இதற்கு மாறாக, கனரக வகைகள் பலவற்றில் பெட்டியில் குறிக்கப்பட்ட திருகின் பெயரளவும் பிட்டின் அளவும் ஒன்றே. அங்கே அரை அங்குலத் திருகுக்கு அரை அங்குல பிட். ஒரு வகையில் கற்றதை மற்றொன்றில் அப்படியே கடைப்பிடிக்க முடியாது என்பதால், பெட்டியின் மேல் பிட் அளவு அச்சிடப்படாத சரக்கை நான் வாங்குவதில்லை. பெயர் தெரியாத ஒரு பொட்டலத்தோடு இலவசமாக வந்த பிட், சில துளைகளிலேயே முனை மழுங்கி, அதற்குப் பின் போட்ட துளைகள் எல்லாம் குறுகலாக அமைந்தன. திருகில் குறையில்லை, கூட வந்த பிட்டால்தான் அந்தப் பொட்டலம் பயனற்றுப் போனது.

கார்பைடு முனையுள்ள பிட், சுத்தியல் இயக்கமுள்ள டிரில் ஆகிய இரண்டும் கட்டாயம். சாதாரண ஹேமர் டிரில் செங்கல்லுக்குப் போதும் என்றாலும், முதிர்ந்த கான்கிரீட்டில் எஸ்.டி.எஸ். பிட் (தண்டில் பள்ளங்கள் உள்ள, கருவியில் செருகிப் பூட்டும் பிட்) பொருந்தும் ரோட்டரி ஹேமரே நல்லது. வேகம் மட்டும் இதற்குக் காரணமன்று. சாதாரண டிரில்லில் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தும்போது கை அசைந்து துளையின் வாய் அகலமாகிவிடுகிறது. ரோட்டரி ஹேமரில் கருவியே குத்திக்கொண்டு போவதால் கையை நிலையாக வைத்திருக்க முடிகிறது. செங்கல்லிலோ நிலைமை நேர்மாறு. மென்மையான செங்கல்லைப் பலமான சுத்தியல் குத்தினால் துளை சிதைந்து அகலும், சில சமயம் கல்லின் பின்பகுதியே உதிரும். அங்கே சுத்தியலை நிறுத்திவிட்டுச் சுழற்சியை மட்டும் கொண்டு துளையிடுவது நலம்.

ஆழத்தைக் கணக்கிடும்போது பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது சுவர்ப்பூச்சை. மேல்பூச்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது பிடிப்பில் சேர்த்தியில்லை. அதற்குப் பின்னே உள்ள கல்லில் திருகு எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதே கணக்கு. டாப்கான் வகையின் இரு சிறிய அளவுகளுக்கும் குறைந்தது 1 அங்குலமும், மிகுந்தது 1¾ அங்குலமும் கல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது வரையறை. மேல்வரம்பு எதற்கு என்று தோன்றலாம். ஆழம் கூடக்கூட மரையின் உராய்வு கூடி, ஒரு நிலைக்குமேல் அந்த மெல்லிய எஃகு முறுக்கு தாங்காமல் ஒடிந்துவிடும் என்பதே காரணம். எடுத்துக்காட்டாக, 18 மி.மீ. பலகையை 15 மி.மீ. பூச்சுள்ள சுவரில் பொருத்தி, கல்லுக்குள் 32 மி.மீ. இறக்க வேண்டுமானால் 65 மி.மீ. நீளமுள்ள திருகு வேண்டும். பூச்சையும் சேர்த்துச் சுவரில் துளையின் ஆழம் 47 மி.மீ. போதாது, அரைத்த தூள் தங்குவதற்கு இடம்விட்டு மேலும் பத்து மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால், திருகின் முனை தூளில் முட்டி நிற்க, மேற்கொண்டு முடுக்கும் விசையெல்லாம் வெட்டிய மரையை அரைப்பதில் செலவாகும். துளையிட்டபின் தூரிகையால் சுரண்டி, ஊதியோ உறிஞ்சியோ தூளை வெளியேற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஊதுவதைவிட வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது மேல். சிலிக்கா கலந்த அந்த நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

இனி பாரம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் காணப்படும் எண், பெரும்பாலும் சோதனைக்கூடத்தில் திருகு பிடுங்கிக்கொண்டு வந்த உச்ச விசை. அதில் நான்கில் ஒரு பங்கையே அன்றாடப் பாரமாகக் கொள்வது ஆங்கர்களுக்கான பழகிய வழக்கம். அதிலும் அந்த எண் குறிப்பிட்ட வலிமையுள்ள கான்கிரீட்டுக்கு உரியது. செங்கல்லில் அதே திருகின் பிடிப்பு கல்லுக்குக் கல் வேறுபடும். மாட்டும் பொருளின் எடையைத் திருகுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் சரியாகாது. 40 கிலோ எடையும், 30 செ.மீ. ஆழமும், 60 செ.மீ. உயரமும் உள்ள அலமாரியின் எடை, சுவரிலிருந்து ஏறக்குறைய 15 செ.மீ. தள்ளி விழுகிறது, அதனால் மேல்வரிசைத் திருகுகளை வெளியே இழுக்கும் விசை சுமார் 10 கிலோதான். ஆனால் 25 கிலோ எடையுள்ள தொலைக்காட்சியை, 50 செ.மீ. நீளும் மடக்குக் கைத் தாங்கியில் மாட்டினால், தாங்கியின் தகடு 20 செ.மீ. உயரமே இருக்கும்போது மேல் திருகுகளின் மீது வரும் இழுவிசை 62 கிலோவைத் தாண்டும். எடை குறைந்த பொருள்தான் இங்கே திருகுக்கு ஆறு மடங்கு சோதனை. இத்தகைய தாங்கிகளுக்கு 1/4 அங்குலத்தைவிடப் பெரிய திருகை நாடுவதோ, தகடு உயரமான தாங்கியைத் தேர்ந்தெடுப்பதோ அவசியம்.

எந்தச் சுவரில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது எந்தச் சுவரில் சிறக்கிறது என்பதைவிட முக்கியம். ஹாலோ பிளாக்கின் முகச்சுவர் ஏறத்தாழ மூன்று செ.மீ. தடிமனே உள்ளது, அதில் சிறிய திருகுகள் ஓரளவு பிடிக்கின்றன, ஆனால் சுத்தியல் இயக்கத்தோடு துளையிட்டால் உட்புறம் கிண்ணம்போலப் பெயர்ந்து, மீதமிருக்கும் தடிமனும் குறைந்துவிடும். துளைகள் கொண்ட செங்கல்லிலும் இதே தொல்லை. நுண்துளைகள் நிறைந்த எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லில் சாதாரணக் கான்கிரீட் ஸ்க்ரூவை நம்பிக் கனமான எதையும் மாட்டலாகாது. கையால் முடுக்கும்போதே மரை கல்லைப் பொடியாக்கிவிடும். அங்கே அதற்கென்று செய்யப்பட்ட நீண்ட நைலான் பிளக்கோ, துளையில் பசையை நிரப்பிக் கம்பியை ஒட்டவைக்கும் ரசாயன ஆங்கரோதான் தீர்வு. பழைய சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்களில் கல்லின் நடுவே துளையிட வேண்டுமே தவிர, இணைப்புக் கலவையில் இடக் கூடாது.

முடுக்குவதில் ஒரு பொறுமை தேவைப்படுகிறது. தட்டித்தட்டி முடுக்கும் இம்பாக்ட் டிரைவரை முழு விசையில் ஓட்டினால் திருகு வியப்பூட்டும் வேகத்தில் இறங்கும். தலை பலகையைத் தொட்ட அடுத்த நொடியே, செங்கல்லாக இருந்தால் மரை அரைந்து திருகு வெறுமனே சுற்றும், கான்கிரீட்டாக இருந்தால் தலை முறியும். கருவியைக் குறைந்த விசையில் வைத்து, கடைசிச் சில சுற்றுகளைச் சாக்கெட் ஸ்பானரால் கையால் முடுக்குவதே என் வழக்கம். நடுவில் இறுக்கம் தெரிந்தால் ஒரு சுற்றுப் பின்வாங்கி மீண்டும் முடுக்கலாம். வெறுமனே சுற்றத் தொடங்கிய துளையில் தீக்குச்சியையோ மரச்சில்லையோ திணிப்பது ஏமாற்று வேலை. ஒன்று அடுத்த பெரிய அளவுத் திருகுக்கு மாற வேண்டும், அல்லது கைவிட்ட துளையின் ஆழத்தைப்போல இரு மடங்கு தள்ளிப் புதுத் துளையிட வேண்டும். நெருங்கிய இடத்தில்தான் வேண்டும் என்றால் பழைய துளையை வலிமையான கலவையால் அடைத்திருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் பிட் இடித்தால் அதையும் கைவிட்ட துளையாகவே கொள்வது நல்லது.

தலையின் வகையிலும் சற்று யோசிக்க வேண்டும். அறுகோணத் தலையும் வாஷரும் ஒரே துண்டாக அமைந்த வகையே எனக்குப் பிடித்தது. சாக்கெட் வழுக்குவதில்லை, கழற்றுவதும் எளிது. பிலிப்ஸ் பள்ளமிட்ட தட்டைத் தலை கண்ணுக்கு அழகாக அமைந்தாலும், கடினமான கான்கிரீட்டில் பள்ளம் தேய்ந்துவிடுகிறது. நட்சத்திரப் பள்ளமிட்ட தலைகள் அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்திருக்கின்றன. ஜன்னல் சட்டத்துக்கான 7.5 மி.மீ. வகையின் தனிச்சிறப்பு, அதன் மரை சட்டத்தையும் சுவரையும் ஒருசேரப் பிடிப்பதால், சட்டத்தைச் சுவரோடு இழுத்து வளைக்காமல் இருந்த இடத்திலேயே நிறுத்துகிறது. அதே குணம் அலமாரிக்கு ஆகாது. பலகை சுவரோடு ஒட்டி இறுக வேண்டிய இடத்தில், பலகையின் துளை திருகு தடையின்றி நுழையும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மரை பலகையையும் கடித்து, இடைவெளி அப்படியே நின்றுவிடும்.

துருவைப் பொறுத்தவரை, நீலப் பூச்சும் துத்தநாகப் பூச்சும் வீட்டுக்குள் போதுமானவை. வெயில், மழை, கடற்காற்று படும் இடங்களுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லை வெட்டிக்கொண்டு போகும்போது பூச்சும் உராய்ந்துபோகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலும் வேறுபாடு உண்டு: கடினப்படுத்தக்கூடிய 410 வகை மழைக்குத் தாங்கினாலும் கடலோரத்தில் கறைபடும், 316 வகை உடலோடு கடின வெட்டுமுனை இணைக்கப்பட்டவை அங்கே நிலைக்கும், ஆனால் விலை அதிகம்.

படிக்கட்டுக் கைப்பிடி, தலைக்கு மேல் தொங்கும் சாதனங்கள் போன்ற, விழுந்தால் உயிருக்கு ஆபத்தான இடங்களுக்கு வீட்டு உபயோகப் பொட்டலங்களை வாங்குவது சரியன்று. விரிசல் கண்ட கான்கிரீட்டிலும் சோதிக்கப்பட்டு, ஈ.டி.ஏ. (ஐரோப்பியத் தொழில்நுட்ப மதிப்பீடு) அல்லது ஐ.சி.சி.-ஈ.எஸ். (அமெரிக்க மதிப்பீட்டு அமைப்பு) அறிக்கை பெற்ற கனரக வகைகள் கிடைக்கின்றன. ஹில்டி, ஃபிஷர், சிம்ப்சன் போன்ற நிறுவனங்கள் துளை அளவு, ஆழம், விளிம்புத் தொலைவு, முடுக்குவிசை ஆகிய அனைத்தையும் அட்டவணையாகத் தருகின்றன. அந்த அட்டவணையைப் படித்துப் பொறியாளர் ஒருவர் அளவைத் தீர்மானிப்பதே முறை.

கழற்றிவிட்டால் சுவரில் ஒரு துளையைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது என்பது ஆங்கர் போல்ட்டால் தர முடியாத வசதி. வாடகை வீட்டில் இருப்போருக்கும், தற்காலிகச் சாரம் கட்டுவோருக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் கழற்றிய திருகை மற்றோர் இடத்தில் மீண்டும் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் முதல் வெட்டிலேயே முனைக்கு அருகிலுள்ள மரை தேய்ந்துவிடுகிறது. தேய்மானத்தை அளக்கும் சிறு குழாயோடு விற்கப்படும் சில கனரக வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு: திருகின் மரை அந்தக் குழாய்க்குள் நுழையாதவரை மறுமுறை பயன்படுத்தலாம், நுழைந்துவிட்டால் பழைய இரும்போடு சேர்த்துவிட வேண்டியதுதான்.