மணல் பில்டர்: வாங்கலாம், ஆனால் கொதிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள்

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் பழைய வீடு. பின்வளவில் கிணறு. மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மலசலகூடக் குழி. நீர்வெட்டு வந்தால் கிணற்றுத் தண்ணீர்தான் கதி. போன வருடம் தங்கையின் மகனுக்குச் செங்கமாரி வந்ததிலிருந்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. 38,000 ரூபாய்க்கு ஒரு மணல் பில்டர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது.

பொருள் நல்லது. நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், அடியில் சல்லி, அதன்மேல் பருமணல், பிறகு அரை மீற்றருக்கு நைஸ் மணல். கரண்ட் வேண்டாம், மாற்றுகிற பாகமும் இல்லை. கலங்கல் முதல் கிழமையிலேயே போய்விட்டது.

விற்றவர் சொன்னதில்தான் எனக்குக் கோபம். "வைரஸும் வராது அக்கா, அப்பிடியே குடிக்கலாம்" என்றார். கூடத் தந்த அட்டையிலும் அதுவேதான். செங்கமாரியைக் கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் கிட்டத்தட்ட 30 நனோமீற்றர். 0.2 மில்லிமீற்றர் மணல் துணிக்கை அதைவிட ஆறாயிரம் மடங்குக்கு மேல் பெரியது. துணிக்கைகளுக்கு நடுவிலுள்ள சந்து வைரஸுக்குக் காலி வீதி மாதிரி. அரிதட்டில் மா அரிப்பது போல மணல் அதை அரிப்பதில்லை, ஒட்டவைத்துத்தான் பிடிக்கிறது. தண்ணீரிலுள்ள கல்சியமும் மணலில் படிந்த இரும்புத் துருவும் அதற்குக் கைகொடுக்கும். மேல்மணலில் நுண்ணுயிர்கள் சேர்ந்து வழுவழுவென்று ஒரு உயிர்ப்படலமும் படர வேண்டும். அதற்கே இரண்டு மூன்று கிழமை செல்லும். புது பில்டரின் தண்ணீரை நம்பவே கூடாது.

ஒட்டுவதற்கு நேரமும் வேண்டும். பூட்டித் தந்த அன்று பைப்பை முழுக்கத் திறந்து, "பாருங்கோ, நல்ல ஸ்பீட்" என்று காட்டினார்கள். ஒரு லீற்றர் ஜக் 40 செக்கனில் நிரம்பியது. அவர்கள் போன பிறகு ஃபோனில் நேரம் பார்த்துப் பார்த்துத் திருகி, அதே ஜக் மூன்று நிமிடத்தில் நிரம்பும்படி குறைத்தேன். இரவு முழுக்க மணலுக்குள் நின்ற தண்ணீரைத்தான் காலையில் குடிக்கப் பிடிக்கிறேன். அதற்கு மேல் வருவது பாத்திரம் கழுவ.

அப்புறம் மழை. ஒட்டின வைரஸ் எல்லாம் செத்துவிட்டது என்றில்லை. உப்புக் குறைந்த மழைநீர் இறங்கும்போது ஒரு பங்கு பிடி விட்டு மறுபடி தண்ணீரோடு போகும். வளவு மண்ணிலும் இதே கதைதான். துளைகளில் காற்று இருக்கிற மண் வைரஸை நன்றாகப் பிடிக்கும், தண்ணீரில் ஊறிய மண் அவ்வளவு பிடிக்காது. ஐப்பசி மழைக்கு எங்கள் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களில் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே காய்ந்த மண் எங்கே இருக்கிறது?

அதனால் மணலைத் தாண்டி வந்ததையும் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் குடிக்கிறோம். குளோரின் போடுகிறவர்கள் வடிந்து வந்த தண்ணீருக்குப் போடுங்கள். முன்னமே போட்டு ஊற்றினால் அந்த உயிர்ப்படலம் செத்துவிடும்.

பில்டருக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அட்டைக்கு ஒன்றுமில்லை. "கொதிக்க வைத்துக் குடிக்கவும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டேன். போன கிழமை பக்கத்து அன்ரி வாங்கிய பில்டரோடும் அதே பழைய அட்டைதான் வந்திருக்கிறது.