ஒழுங்கை முகப்புச் சைக்கிள் கடை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் போகிற வழியில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, தொங்குகிற பழைய ரயர்தான் அடையாளம். போன கிழமை என் லுமாலா சைக்கிளின் பின்சில்லுக் காற்றுப் போய் அங்கே உருட்டிக்கொண்டு போனேன். அண்ணை ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை அரத்தால் தேய்த்து ஒட்டியதோடு விடவில்லை, ரயரின் உள்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்து, செருகிக் கிடந்த போத்தல் ஓட்டுத் துண்டை எடுத்துக் காட்டினார். அதை எடுக்காமல் பூட்டியிருந்தால் வீடு போய்ச் சேருமுன் திரும்பவும் உருட்டியிருப்பேன். வேறு கடைகளில் "புதிசு போடுங்கோ" என்பதுதான் முதல் பேச்சு.

குறை என்றால், வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் மனுசன் கதைப்பார். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடிய காலத்தில் தொடங்கி, 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது மூலையில் கிடந்த துருப்பிடித்த சைக்கிளெல்லாம் திரும்ப வந்தது வரைக்கும் போகும். எனக்குப் பிடித்தது, அவசரக்காரருக்குச் சரிவராது.

கடை வாசலில் வாய்க்கால் மூடி உடைந்து கிடக்கிறது, தெருவிளக்கும் எரிவதில்லை. கார்த்திகை மழைக்கு வெள்ளம் நின்றால் குழி எது வீதி எது என்று தெரியாது. சபைக்கு மனுக் கொடுத்தும் ஒருவரும் வரவில்லையாம், அவரே ஒரு பூவரசங் கொப்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்.

"சில்லு நெளிஞ்சால் எனக்குத்தானே உழைப்பு, ஆனா பள்ளிக்கூடப் பிள்ளையள் விழுறதைப் பார்க்கேலாது தம்பி" என்றார்.

பள்ளி விடுகிற நேரத்தில் போகாதீர்கள், சரியான சனம். மாற்றின காசும் கொண்டுபோங்கள்.