எவியானும் பாரிஸும்: போரிலிருந்து வெளியேறிய இரு வழிகள்

சொந்த மக்களே வெறுத்துவிட்ட போரை நிறுத்தப் பேச வரும் அரசு, தன் அவசரத்தை எதிராளியிடம் மறைக்க முடியாது. தாமதித்தால் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று எதிராளி காத்திருப்பார். தன் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டுப் போராடிய அல்ஜீரியாவில் பிரான்ஸும், கம்யூனிஸ்ட் வடக்குக்கு எதிராகத் தெற்கைத் தாங்கிநின்ற வியட்நாமில் அமெரிக்காவும் இந்தச் சிக்கலை நேர்மாறான முறைகளில் கையாண்டன. பிரெஞ்சு அதிபர் டி கோல் அல்ஜீரியர்களின் சுயநிர்ணய உரிமையை 1959 செப்டம்பரிலேயே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, மற்றவற்றுக்குப் பேரம் பேசினார். அமெரிக்க அதிபர் நிக்சனோ தென் வியட்நாமின் தலைநகரான சைகோனை யார் ஆள்வது என்ற மூலக் கேள்வியைக் கடைசிவரை முடிவு செய்யாமலே படைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தார்.

பாரிஸில் வியட்நாம் பற்றிய விரிவான பேச்சு தொடங்குமுன் மேசையின் வடிவத்துக்காகவே பல வாரங்கள் கழிந்தன. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், சைகோன் அரசை எதிர்த்துப் போரிட்ட தென் வியட்நாம் விடுதலை முன்னணி தனித் தரப்பா, வட வியட்நாம் தலைநகரான ஹனோயின் நிழலா என்பதே அங்கு வழக்கு. 1969 ஜனவரியில் ஒரு வட்ட மேசையும், அதன் இருபுறமும் ஒட்டாமல் இரண்டு சிறிய செவ்வக மேசைகளும் போடப்பட்டு, கொடியோ பெயர்ப்பலகையோ இல்லாமல் அவ்வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அல்ஜீரியப் பேச்சு நடந்த, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள பிரெஞ்சு ஊரான எவியானில் இந்த இழுபறி குறைவு, ஆபத்து அதிகம். அல்ஜீரியப் பிரதிநிதிகள் பிரெஞ்சு மண்ணில் இரவு தங்காமல், சுவிட்சர்லாந்திலிருந்து ஏரியைக் கடந்து ஹெலிகாப்டரில் வந்துபோனார்கள். பேச்சு தொடங்குமுன்பே அவ்வூர் மேயர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டிருந்தார்.

இரு தலைவர்களுக்கும் கடினமான எதிர்ப்பு சொந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. டி கோல் 1961 ஜனவரியில் சுயநிர்ணயம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்தி ஏறத்தாழ 75 சதவீத ஆதரவைக் கையில் வைத்திருந்ததால், ஏப்ரலில் நான்கு தளபதிகள் அல்ஜியர்ஸில் நடத்திய கிளர்ச்சி சில நாட்களில் அடங்கிவிட்டது. எண்ணெயும் அணுகுண்டுச் சோதனைத் தளமும் இருந்த சஹாராவைப் பிரித்து வைத்துக்கொள்ளும் ஆசையில்தான் முதல் சுற்றுப் பேச்சு முறிந்தது. அந்த ஆசையை அவர் செப்டம்பரில் கைவிட்ட பிறகே 1962 மார்ச் 18 உடன்பாட்டுக்கு வழி திறந்தது.

நிக்சன் அப்படி மக்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை. 1969-இல் 5 லட்சத்தைத் தாண்டியிருந்த அமெரிக்கப் படை 1972 இறுதியில் சுமார் 24,000 ஆகச் சுருங்கியது. படை வாபஸ் என்பது உப்புக்கடலை போல, தின்னத் தின்ன இன்னும் கேட்கச் சொல்லும் என்று நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். ஹனோயும் அதையே கணக்கிட்டுக் காத்திருந்தது. 1972 அக்டோபரில் கிஸ்ஸிங்கரும் ஹனோயின் பிரதிநிதி லே டுக் தோவும் எழுதி முடித்த வரைவை, வடக்கின் படை தெற்கிலேயே நிற்க அது இடம் கொடுத்ததால், தென் வியட்நாம் அதிபர் தியூ ஏற்க மறுத்தார். டிசம்பரில் ஹனோய் மீது அமெரிக்கக் குண்டுமழை பொழிந்தது. 1973 ஜனவரி 27 அன்று கையெழுத்தான உடன்பாடு, அக்டோபர் வரைவிலிருந்து முக்கியமான எதிலும் பெரிதாக மாறுபடவில்லை. அந்தக் குண்டுகள் தியூவுக்குக் காட்டிய வாணவேடிக்கையோ என்றுகூடத் தோன்றுகிறது. அடுத்த இரண்டேகால் ஆண்டில் சைகோன் வீழ்ந்தது.

பேரம் பேசும் முறை என்ற அளவில் டி கோலின் வழியே மேல் என்பது என் கணிப்பு: கொடுத்தே ஆக வேண்டியதை முதலில் கொடுத்ததால், மிச்சத்தைப் பேசக் காலம் கிடைத்தது. ஆனால் அந்த மிச்சம் தாளில் மட்டுமே நின்றது. போர்க்காலச் செயல்களுக்காக யாரும் பழிவாங்கப்பட மாட்டார்கள் என்று எவியான் உறுதி சொன்னது. ஆனால் ஏறத்தாழ 10 லட்சம் ஐரோப்பியக் குடியேறிகளில் பெரும்பாலோர் அதே ஆண்டில் கப்பலேறினர். பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்ற அல்ஜீரியர்களான ஹார்கிகளுக்கு அந்த வழியும் எளிதில் கிடைக்கவில்லை. அவர்களைத் தாமாக அழைத்து வரக் கூடாதென 1962 மே மாதத்தில் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. ஆயுதம் களையப்பட்டு ஊரிலேயே விடப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் அடுத்த மாதங்களில் கொல்லப்பட்டனர். எவியான் மேசையில் அவர்களுக்கென்று ஒரு நாற்காலிகூடப் போடப்பட்டிருக்கவில்லை.