பெட்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் டிஸ்க்கைச் சொல்லுங்கள்: வெளி ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

“அண்ணாச்சி, நிஞ்சா வாங்கட்டுமா, வீடியோ அசிஸ்ட் வாங்கட்டுமா?” என்று போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டான். இரண்டும் கேமராவோடு கேபிளில் மாட்டி, படத்தைத் தனியாகப் பதிவு செய்கிற வெளி ரெக்கார்டர் பெட்டிகள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாண ஆர்டரும் கோயில் கொடையும் (ஊர்க்கோயில் திருவிழா) எடுக்கிற கெட்டிக்காரப் பையன். “என்ன டிஸ்க் வச்சிருக்க, என்ன கேபிள் வச்சிருக்க?” என்று திருப்பிக் கேட்டேன். “அதெல்லாம் பெட்டி வாங்குன பிறகு பாத்துக்கலாம் அண்ணாச்சி” என்றான். நானும் இப்படித்தான் வாங்கினேன், வாங்கி அடிபட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொடை எடுத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ராத்திரி வில்லுப்பாட்டு மேடை ஏறினால் நடுச்சாமப் பூசையான சாமக்கொடை முடிந்துதான் இறங்கும். நாம் கார்டு மாற்றுவதற்காகப் பாடுகிறவர் கதையை நிறுத்தமாட்டார், குடமும் உடுக்கையும் வேகம் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் சாமி வரும், அந்த நேரம் பார்த்துத்தான் டிஎஸ்எல்ஆர் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நிற்கும். அரைமணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் வீடியோ கேமரா என்று சொல்லி ஐரோப்பாவில் கூடுதல் சுங்க வரி போட்டார்கள், அதற்குப் பயந்து கம்பெனிகள் வைத்த கணக்கு அது. அங்கே வைத்த வரி இங்கே சுடலைமாடன் கொடையில் வந்து நம் கழுத்தைப் பிடிக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டாம், “முழுசா இருக்கா?” என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்த முழுசுக்குத்தான் வெளிப் பெட்டி.

நான் டேப் காலத்து ஆள். எச்டி பழகியது கேனான் எக்ஸ்எச் ஏ1 கேமராவில். ஒரு மணி நேர மினிடிவி கேசட், ஒரு கொடைக்கு எட்டுப் பத்து ஆகும், அப்புறம் அத்தனையையும் கம்ப்யூட்டரில் கேப்சர் பண்ண அதே எட்டுப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். டேப்பில் ஒரு தூசி விழுந்தால் எச்டிவியில் (அதே மினிடிவி கேசட்டில் எச்டி பதிகிற முறை) ஒரு ஃபிரேமோடு போகாது, ஏறக்குறைய அரை விநாடி அப்படியே உறைந்து நிற்கும். நம் ஊர் 50ஐ முறையில் (நொடிக்கு 25 ஃபிரேம்) பன்னிரண்டு ஃபிரேம்களை ஒரு கட்டாகக் கட்டிச் சுருக்குகிறார்கள், கட்டின் தலை கெட்டால் மொத்தமும் கெட்டது. அந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தவைதான் ஃபயர்ஸ்டோர், சோனியின் எச்விஆர்-டிஆர்60 மாதிரியான ஹார்ட் டிஸ்க் பெட்டிகள். டிஆர்60-இல் 60 ஜிபி, எச்டிவி நாலரை மணி நேரம் பிடிக்கும். கேமராவின் ஃபயர்வயரில் (அந்தக் காலத்து வீடியோ கேபிள் இணைப்பு) செருகிவிட்டால் டேப்பும் ஓடும், டிஸ்க்கும் ஓடும். காலையில் வந்து ஃபைலை இழுத்துப் போட்டு நேரே எடிட்டிங்கில் உட்காரலாம் என்பது அன்று பெரிய சொகுசு.

இந்தப் பெட்டிகள் இன்னும் பழைய சாமான் விற்கிற தளங்களில் சல்லிசாக வருகின்றன. வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் பேட்டரி செத்திருக்கும், டிஸ்க் பதினைந்து வயதுக் கிழம், இன்றைய லேப்டாப்பில் செருக ஃபயர்வயர் ஓட்டையே கிடையாது. பவர் ஓடும்போது ஃபயர்வயரைச் செருகி என் கேமராவின் போர்ட்டை நானே ஒருமுறை கருக்கியிருக்கிறேன், அதைச் சரிசெய்யக் கொடுத்த பணத்தில் பத்து டஜன் கேசட் வாங்கியிருக்கலாம். இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை: அந்தப் பெட்டிகள் படத்தின் தரத்தைக் கொஞ்சம்கூட ஏற்றாது. டேப்பில் போகிற அதே 25 மெகாபிட் சரக்கு அப்படியே டிஸ்க்கிலும் போகும், அவ்வளவுதான்.

எச்டிஎம்ஐ ரெக்கார்டர் அப்படியில்லை. கேமரா தன் கார்டுக்காகப் படத்தைச் சுருக்குவதற்கு முன்பே, சென்சாரிலிருந்து வந்து திரைக்குப் போகிற படத்தை இது பிடித்துக்கொள்கிறது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் அட்டமோஸ் கம்பெனி முதல் நிஞ்சாவைக் கொண்டுவந்த பிறகுதான் நம்மைப் போன்ற சின்ன வீடியோக்காரர்களுக்கு இது எட்டியது. ஆனால் கேமரா சுத்தமான எச்டிஎம்ஐ தர வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி படம், ஃபோகஸ் கட்டம், சிவப்புப் புள்ளி எல்லாம் சேர்ந்து பதிவாகும், மாப்பிள்ளை நெற்றியில் ஷட்டர் ஸ்பீடு எழுதியிருக்கும். கேனான் 5டி மார்க் 3-க்கே 2013 ஏப்ரலில் வந்த ஃபர்ம்வேருக்கு, அதாவது கேமராவின் உள் மென்பொருளுக்குப் பிறகுதான் சுத்தமான வெளியீடு கிடைத்தது. கேமரா மெனுவில் இதைப் பார்க்காமல் ரெக்கார்டர் கடைப்பக்கம் போகவே போகாதீர்கள். கேமரா தானாகத் தூங்கிப்போகும் அமைப்பையும் அணைத்து வையுங்கள்.

சரி, டிஸ்க்குக்கு வருகிறேன். சொல்ல வந்ததே இதைத்தான்.

முதலில் வாங்கிய பெட்டியில் லேப்டாப்பிலிருந்து கழற்றிய சுழலும் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டிருந்தேன். காரணம் காசுதான். கணக்கும் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது: 1080பி 25 ஃபிரேமில் ப்ரோரெஸ் 422 (எடிட்டிங்குக்குத் தோதாகப் படத்தை லேசாகச் சுருக்குகிற முறை) என்பது நொடிக்கு 122 மெகாபிட், அதாவது 15 மெகாபைட்டுக்குச் சற்று மேல், எந்த ஓட்டை ஹார்ட் டிஸ்க்கும் தாங்கும். வீட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு மண்டபம். மணமேடைக்கு ஒட்டினாற்போல மேளக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஆள் உயர ஸ்பீக்கர், என் ட்ரைபாட் நின்றது மரப்பலகை போட்ட மேடையில். காலையிலிருந்து ஒழுங்காகத்தான் ஓடியது. ஐயர் கையைத் தூக்கினார், கெட்டிமேளம் எழுந்தது, இரண்டு தவில், இரண்டு நாகஸ்வரம், ஸ்பீக்கரும் சேர்ந்து அதிர்ந்ததில் என் கை வைத்திருந்த ட்ரைபாட் காலே உதறியது. திரை ஓரத்தில் ஃபிரேம் விழுந்தது என்று ஒரு எச்சரிக்கை, அடுத்த நொடி இன்னொன்று, அப்புறம் பதிவே நின்றது. தாலி கட்டுகிறார்கள், என் பெட்டி கறுத்து நிற்கிறது.

கேமராவின் கார்டிலும் கூடவே ஓடவிட்டிருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: கார்டு ஒன்று, வெளிப் பெட்டி ஒன்று, இரண்டும் ஓடும்.

அதில் பெட்டியின் தப்பு ஒன்றுமில்லை. சுழலும் தட்டுக்கு மேலே முடியளவுகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிற ஊசி அது, தவில் அடித்தால் தடுமாறத்தான் செய்யும். நாமெல்லாம் பார்க்கிற வேகக் கணக்கில் இந்த அதிர்வு வருவதே இல்லை. மேசை மேல் வைத்துப் பேட்டி எடுக்கிறவர் ஹார்ட் டிஸ்க் போட்டு வண்டி ஓட்டலாம், மேளம் இருக்கும் இடத்துக்குப் போகிறவர் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி தவிர வேறெதையும் தொடக்கூடாது. எஸ்எஸ்டியிலும் கண்டதை வாங்காதீர்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் முதல் சில நிமிட வேகம், உள்ளே இருக்கும் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் மலிவு ரகங்கள் படுத்துவிடும். எச்டிக்கு அதுவும் போதும். 4கே-யில் ப்ரோரெஸின் உயர்தர வகையான எச்க்யூ என்றால் நொடிக்கு 90 மெகாபைட்டுக்கு மேல் தள்ள வேண்டும், அங்கேதான் வண்டவாளம் வெளியே வரும். ரெக்கார்டர் கம்பெனி தன் தளத்தில் சோதித்துப் போட்டிருக்கும் டிஸ்க் பட்டியலைப் பார்த்து அதில் இருப்பதையே வாங்குங்கள், மச்சான் சொன்னான் என்று வாங்காதீர்கள்.

இடக் கணக்கையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எச்டி 25 ஃபிரேமில் ப்ரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்கு 55 ஜிபி, அதைவிடச் சிக்கனமான எல்டி என்றால் 38, எச்க்யூ என்றால் 83. கொடைக்கு நான் எல்டிதான் வைக்கிறேன். பெட்ரோமாக்ஸும் சீரியல் பல்பும் தீப்பந்தமுமாக இருக்கிற இடத்தில், சாமியாடியின் முகத்தில் வழிகிற மஞ்சள் தண்ணீரைப் பிடிக்க எல்டி தாராளம். எட்டு மணி நேரம் 300 ஜிபி சொச்சத்தில் அடங்கும். அதையே 4கே 422-இல் எடுத்தால் மணிக்கு 220 ஜிபிக்கு மேல், காலையில் அதை எங்கே காப்பி பண்ணுவீர்கள்? கேட்கிற பார்ட்டிக்குக் கொடுக்கப்போவதோ 64 ஜிபி பென்டிரைவ்.

இனி தம்பி கேட்ட இரண்டு பெட்டிகள். நிஞ்சா வி, 2018-இல் வந்தது, 5.2 அங்குலத் திரை, 1000 நிட்ஸ் வெளிச்சம், 4கே 60 ஃபிரேம் வரை, எஸ்எஸ்டியில் பதிவு. தொட்டு வேலை செய்கிற மெனு இதில்தான் எனக்குக் கைக்கு வந்தது, வேவ்ஃபார்ம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்ப்பது, ஃபோகஸ் நிறம் காட்டுவது எல்லாம் ஒரு தட்டில். ஆனால் எச்டிஎம்ஐ மட்டும்தான், பெரிய கேமராக்களில் இருக்கும் எஸ்டிஐ கேபிள் இணைப்பு வேண்டுமென்றால் தனி மாட்யூல் வாங்கி மாட்ட வேண்டும், பேட்டரி இடமும் ஒன்றுதான். 2023-இல் இதன் அடுத்த தலைமுறை வந்துவிட்டதால் பழைய வி இப்போது செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது.

பிளாக்மேஜிக் வீடியோ அசிஸ்ட் 12ஜி, ஐந்து அங்குலமும் ஏழு அங்குலமும் உண்டு, திரை 2500 நிட்ஸ். ஆடி மாதத்து உச்சிவெயிலில் மதியக்கொடை எடுத்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும், தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டாம். எச்டிஎம்ஐ, எஸ்டிஐ இரண்டும் உண்டு. எஸ்டி கார்டிலும் எழுதும், யுஎஸ்பி-சி வழியாக வெளி எஸ்எஸ்டியிலும் எழுதும். எனக்கு இதில் பிடித்தது ஏழு அங்குலத்தின் பின்பக்கம் இருக்கும் இரண்டு பேட்டரி இடம்தான். ஒன்று தீர்ந்தால் மற்றது ஓடிக்கொண்டிருக்க இதை மாற்றிக்கொள்ளலாம். அதே ஏழு அங்குலத்தில் மினி எக்ஸ்எல்ஆர் என்ற ஒலி போர்ட் இரண்டு இருப்பதால் மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து நேரே ஒலி வாங்கலாம், வில்லுப்பாட்டுக்கு அது வரப்பிரசாதம்.

என் ஓட்டு? கொடைக்கும் கல்யாணத்துக்கும் வீடியோ அசிஸ்ட். கேமராவைக் கையில் பிடித்தபடி அலைந்து குறும்படம், விளம்பரம் எடுப்பவர் என்றால் நிஞ்சா. இரண்டுமே நல்ல பெட்டிகள், நான் பேட்டரிக்காக மட்டும் ஒரு பக்கம் சாய்கிறேன். ஏனென்றால் கொடையில் கரண்ட் என்பது ஜெனரேட்டர். ஐஸ்வண்டிக்காரர் ஒரு லைன் இழுப்பார், சீரியல் செட்காரர் ஒன்று இழுப்பார், நடுராத்திரி ஒருமுறையாவது பட்டென்று எல்லாம் அணையும். அடாப்டரில் மட்டும் ஓடுகிற பெட்டி என்றால் அந்த ஃபைல் மூடப்படாமலே நிற்கும், மூடாத ஃபைலைக் கம்ப்யூட்டர் திறக்காது. சில பெட்டிகள் டிஸ்க்கைத் திரும்பப் போட்டால் தாமே சரிசெய்துகொள்ளும், ஆனால் அதை நம்பி யாராவது கொடை எடுப்பார்களா? நான் அரைமணிக்கு ஒருமுறை பாட்டுக்கு நடுவே வசனம் வரும்போது ஸ்டாப் அடித்து உடனே மறுபடி ரெக்கார்ட் அடிக்கிறேன். ஒரு விநாடி போகும். போகட்டும், கேமராக் கார்டில் அது இருக்கும்.

கேபிள் பற்றி இரண்டே வார்த்தை. கேமராவில் மைக்ரோ எச்டிஎம்ஐ இருந்தால், விரல்நகம் அகலம்கூட இல்லாத அந்தத் தகரத்தை நம்பித்தான் இத்தனை ஆயிரம் ரூபாய்ப் பெட்டியும் நிற்கிறது. ஒரு கொடையில் பலூனைத் துரத்திக்கொண்டு ஓடிவந்த பொடியன் காலில் என் கேபிள் மாட்டியது, போர்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, அன்று முழுக்கக் கேபிளை விரலால் அழுத்திப் பிடித்தபடியே நின்றேன். கேபிள் நழுவாமல் பிடிக்கிற கிளாம்ப் வாங்குங்கள், கேபிளைக் குட்டையாக வாங்குங்கள், பையில் இன்னொன்று வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் உங்கள் கேமரா, உங்கள் கேபிள், உங்கள் டிஸ்க் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டி “பாருங்க சார், பக்காவா இருக்கு” என்பார். தலையாட்டாதீர்கள். ரெக்கார்டை அடித்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், பெட்டி சூடேறட்டும், ஃபேன் சத்தம் எப்படி மாறுகிறது என்று காது கொடுங்கள், கடைசியில் அந்த ஃபைலை அவர் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் கடைசி நிமிடம்வரை தள்ளிப் பாருங்கள். இரண்டு டீ ஆகும், அவரும் கொஞ்சம் முறைப்பார். தம்பியை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன், இன்னும் போன் வரவில்லை.