விட்டுப்போன பி.எஃப்.: தானே கட்டுவதா, சலுகைத் திட்டமா, 7ஏ விசாரணை வரட்டும் என்று இருப்பதா?

திருப்பூர் பனியன் கம்பெனியோ பல்லடம் தறிக்கூடமோ, பி.எஃப். பாக்கி இரண்டு வகையில் சேரும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாதது ஒன்று. ஆளையே பதிவு செய்யாமல் விட்டது இன்னொன்று. முதலில் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கெடுங்கள்.

பிடித்த காசுக்கு வேறு வழி தேடாதீர்கள். அது தொழிலாளியின் பணம். கட்டாமல் வைத்திருந்தால் நம்பிக்கை மோசடி வழக்கு வரை போகும். கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. தாண்டினால் ஆண்டுக்கு 12% வட்டி. 2024 ஜூன் நடுவுக்குப் பிந்தைய தவறுகளுக்கு மாதம் 1% அபராதம். பி.எஃப். சம்பளம் 15,000 ரூபாய் என்றால் தொழிலாளி பங்கும் கம்பெனி பங்கும் தலா 1,800. அந்த 3,600 பத்து மாதம் தாமதமானால் வட்டி 360, அபராதம் 360.

பதிவே செய்யாத ஆளுக்குத்தான் யோசனை தேவை. சாதாரண வழியில் கட்டினால் விட்டுப்போன தொழிலாளி பங்கும் கம்பெனி தலையில்தான். பின்னாளில் சம்பளத்தில் பிடிக்க முடியாது. 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என அறிவிக்கப்பட்ட பதிவுச் சலுகைத் திட்டத்தில் அந்தத் தொழிலாளி பங்கு தள்ளுபடி. கம்பெனி பங்கு, வட்டி, நிர்வாகக் கட்டணம், 100 ரூபாய் அபராதம், அவ்வளவே. 2017 ஜூலை 1 முதல் 2025 அக்டோபர் 31 வரை சேர்ந்து, கம்பெனி அவர்கள் பெயரை அறிவிக்கும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். முதலாளிக்கு லாபம்தான். ஆனால் தொழிலாளியின் கணக்கில் ஒரு பங்கு குறைகிறது. வசதியுள்ள கம்பெனி இரண்டு பங்கையும் கட்டுவதே நியாயம்.

7ஏ, அதாவது பி.எஃப். அதிகாரி பாக்கியைக் கணக்கிட நடத்தும் விசாரணை, வரட்டும் என்று காத்திருப்பது மூன்றிலும் மோசம். சனிக்கிழமைச் சம்பளத்தை வவுச்சர் இல்லாமல் கொடுத்த இடங்களில், அதிகாரி பேலன்ஸ் ஷீட்டில் உள்ள கூலிச் செலவைப் பிடித்துக்கொண்டு பாக்கியைக் கணக்கிடுவார். எந்த மாதம் யார் வேலை செய்தார் என்று காட்ட உங்களிடம் பதிவேடு இருக்காது. கட்டவில்லை என்றால் பேங்க் கணக்கு முடக்கம்.

கான்ட்ராக்டர் கொண்டுவந்த செக்கிங், அயர்னிங் ஆட்களையும் பீஸ் ரேட் டைலர்களையும் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு கம்பெனிக்கே. அவர் பில்லைப் பாஸ் செய்யும் முன், ஆட்களின் பெயரோடு பி.எஃப். கட்டிய சலானை வாங்கிப் பாருங்கள்.